உருண்டை மீது ஒரு நூல்

வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்



முருகன் மயிலில் உலகத்தைச் சுற்றினான், இவர் மைலில் சுற்றச் சொல்லித் தரப்போகிறார் என்று தலைவர் என்னை அறிமுகம் செய்தார். நீங்கள் கைதட்டினீர்கள், நானும் தட்டினேன். அந்தக் கதையில் மாம்பழம் யாருக்குப் போனது என்று உங்களுக்குத் தெரியும். அதனால் பழத்துக்கு நான் பொறுப்பில்லை, சுற்றுக்கு மட்டும்தான்.

முப்பத்தோரு வருஷம் ஒரு டிராவல்ஸில் டிக்கெட் போடும் வேலை பார்த்தவன் நான். நான் சேர்ந்த காலத்தில் டிக்கெட்டைக் கையால்தான் எழுதுவோம். தாளின் பின்னால் சிவப்புக் கார்பன் இருக்கும். மாலையில் வீட்டுக்குப் போனால் குங்குமத்தைக் கொட்டிக்கொண்டவன் மாதிரி விரல் சிவந்திருக்கும். ஒரு எழுத்து தப்பினால் டிக்கெட்டையே வாய்ட் போட்டுவிட்டு முதலிலிருந்து எழுத வேண்டும். அந்தப் பயத்தில் வந்த பழக்கம், எதையும் எழுதுவதற்கு முன் வழியை உருண்டையில் ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பேன். இன்றைக்கும் அப்படியே வந்திருக்கிறேன். மேசை மேல் இருக்கும் உலக உருண்டை என் பேத்தியுடையது, தையல் நூல் என் மனைவியுடையது. இரண்டையும் பத்திரமாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

முதலில் இந்த ‘மைல்’ என்ற சொல்லை ஒழுங்குபடுத்திவிடலாம். நம் காதில் மைல் என்றால் தூரம், மைல்கல் நினைவுக்கு வரும். விமானக்காரர்களும் அந்த அர்த்தத்தில்தான் தொடங்கினார்கள். அமெரிக்காவில் 1978-இல் விமானக் கட்டணங்கள் மீதான அரசின் பிடி தளர்ந்தது. யாரும் எந்த ஊருக்கும் எந்த விலைக்கும் ஓட்டலாம் என்றானதும், பயணியைத் தங்களோடு கட்டிப்போட ஒரு கயிறு தேவைப்பட்டது. 1981 மே 1-ஆம் தேதி அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ‘அட்வான்டேஜ்’ என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. சில நாட்களிலேயே யுனைடெட் பின்னாலேயே வந்துவிட்டது. ஆயிரம் மைல் பறந்தால் கணக்கில் ஆயிரம் மைல் ஏறும், சேர்ந்தால் ஓர் இலவச டிக்கெட். பால்காரர் அட்டையில் போடும் புள்ளி மாதிரி, நேர்மையான கணக்கு.

அந்தக் கணக்கு இப்போது பல இடங்களில் இல்லை. 2015-இல் டெல்டாவும் யுனைடெட்டும், 2016-இல் அமெரிக்கனும், பறந்த தூரத்தை விட்டுவிட்டுக் கொடுத்த பணத்துக்கு மைல் தர ஆரம்பித்தன. மலிவு டிக்கெட்டில் பாதி உலகம் பறந்தவருக்குக் கொஞ்சம், பக்கத்து ஊருக்கு அதிக விலையில் போனவருக்கு நிறைய. பெயர் மட்டும் மைல் என்றே நின்றுவிட்டது, எண்ணெயே இல்லாத விளக்கெண்ணெய் மாதிரி.

இன்னொன்று. மைலில் பெரும்பகுதி இப்போது ஆகாயத்தில் விளைவதே இல்லை, வங்கியில் விளைகிறது. கிரெடிட் கார்டு கம்பெனிகள் விமான நிறுவனங்களிடம் மைலை மொத்தமாகக் காசு கொடுத்து வாங்கி, நீங்கள் மளிகை வாங்கும்போது சில்லறையாகத் தருகின்றன. இந்த வியாபாரம் எவ்வளவு பெரியது என்பது கொரோனா வந்தபோது வெளியே தெரிந்தது. விமானங்கள் தரையில் நின்ற 2020-இல், யுனைடெட் தன் மைல் திட்டத்தை அடமானம் வைத்துக் கடன் வாங்கியது. அந்தத் திட்டத்துக்கு அவர்கள் போட்ட மதிப்பு ஏறக்குறைய 2,200 கோடி டாலர். விமானமும் ஊழியரும் சேர்ந்த முழு நிறுவனத்துக்குப் பங்குச் சந்தை அன்றைக்குக் கொடுத்த விலையைவிட அது அதிகம். மறு வருஷம் அமெரிக்கனும் இதே வழியில் 1,000 கோடி டாலர் திரட்டியது.

வங்கி வழியே மைல் பெருகும் என்று தெரிந்ததும் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? அமெரிக்க நாணயச்சாலை ஒரு டாலர் நாணயங்களைப் புழக்கத்தில் விடுவதற்காக, முகவிலைக்கே, அஞ்சல் செலவுகூட வாங்காமல் வீட்டுக்கு அனுப்பியது. கார்டிலும் பணம் கட்டலாம். சிலர் பெட்டி பெட்டியாக வரவழைத்தார்கள். பெட்டியைப் பிரிக்காமலே வங்கியில் கொண்டுபோய்ப் போட்டுக் கார்டு பில்லைக் கட்டினார்கள். நாணயம் ஊரைச் சுற்றி வங்கிக்கே வந்தது, இவர்கள் அதில் கிடைத்த மைலில் உலகத்தைச் சுற்றினார்கள். 2011-இல் நாணயச்சாலை விழித்துக்கொண்டு கார்டை நிறுத்தியது.

எனக்கு இந்தச் சாமர்த்தியம் கிடையாது. என் கதை நேர் எதிர். வேலை நிமித்தமாகப் போய்வந்ததில் ஒரு நிறுவனத்தில் — பெயர் வேண்டாம் — கணிசமான மைல் சேர்ந்திருந்தது. ஓய்வுபெற்றதும் மனைவியோடு போகலாம் என்று வைத்திருந்தேன். ஊருக்கெல்லாம் டிக்கெட் போட்டவன், என் கணக்கின் காலாவதித் தேதியைப் பார்க்கவில்லை. ஒரு ஜனவரி காலையில் திறந்து பார்த்தால் சுழி. தொலைபேசியில் பேசிய பெண் மிகவும் இனிமையாக வருத்தம் தெரிவித்தார். இதைச் சொல்லும் ஒவ்வொரு தடவையும் என் மனைவி எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவாள்.

அதனால் அடித்துச் சொல்கிறேன், மைலைச் சொத்து என்று நினைக்காதீர்கள். அது ஒரு கடைக்காரர் உங்களுக்கு எழுதிக் கொடுத்த சீட்டு. வட்டி கிடையாது. சீட்டு எவ்வளவு பெறும் என்பதை எழுதிக் கொடுத்தவரே நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம், நீங்கள் கேட்க முடியாது. நேற்று எண்பதாயிரத்துக்குக் கிடைத்த இருக்கைக்கு இன்றைக்கு ஒரு லட்சம் என்பார். பத்து வருஷம் சேர்த்து ஒரு நாள் பெரிதாகச் செலவழிக்கலாம் என்பது தங்கத்துக்குப் பொருந்தும், இதற்குப் பொருந்தாது.

சரி, உலகச் சுற்றுக்கு வருவோம். எது சுற்று? உலக வான்விளையாட்டுக் கூட்டமைப்பு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. கடக ரேகையின் நீளமாவது பறந்திருக்க வேண்டும், அதாவது 36,787 கிலோமீட்டர். விமான நிறுவனங்கள் இவ்வளவு கறாராக இல்லை. அட்லாண்டிக்கை ஒரு முறை, பசிபிக்கை ஒரு முறை கடக்க வேண்டும். கிழக்கே என்றால் கிழக்கே, மேற்கே என்றால் மேற்கே, ஒரே திசை. புறப்பட்ட நாட்டிலேயே வந்து முடிய வேண்டும். இந்தக் கணக்கில் ‘உலகம் சுற்றும் வாலிபன்’ படத்தின் வாலிபன் உலகம் சுற்றவில்லை. ஜப்பான், ஹாங்காங், தாய்லாந்து என்று கிழக்கே போய் அதே பக்கமாகத் திரும்பியிருக்கிறார். டிக்கெட் எழுதுகிறவன் பாஷையில் அது ரிட்டர்ன். வாத்தியார் எம்.ஜி.ஆரின் ரசிகர்கள் மன்னிக்க வேண்டும்.

ஏ.கே. செட்டியாரை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. ‘உலகம் சுற்றும் தமிழன்’ என்று நூலுக்குப் பெயர் வைத்தவர். காந்தியைப் பற்றிய ஆவணப்படத்துக்காகப் படச்சுருள் தேடிக் கண்டம் கண்டமாக அலைந்தார். அப்போது அவர் பயணம் செய்த தூரம் லட்சம் மைல் என்பார்கள். அத்தனையும் அசல் மைல். ஒன்றுகூட அவர் கணக்கில் ஏறவில்லை.

ஒரே விமான நிறுவனத்தில் டிக்கெட் வாங்கி உலகைச் சுற்றுவது 1947 ஜூனில் தொடங்கியது. பான் ஆம் நிறுவனம் நியூயார்க்கில் கிளம்பி லண்டன், கராச்சி, கல்கத்தா, பாங்காக், டோக்கியோ, ஹொனலூலு வழியாக சான் பிரான்சிஸ்கோ போகும் தடத்தைத் திறந்தது. இப்போது அப்படி ஒரே நிறுவனம் முழுச் சுற்று ஓட்டுவதில்லை, கூட்டணிதான். 1997-இல் ஸ்டார் அலையன்ஸ், 1999-இல் ஒன்வேர்ல்டு, 2000-இல் ஸ்கைடீம். ஏர் இந்தியா 2014-இல் ஸ்டாரில் சேர்ந்தது, ஸ்ரீலங்கன் அதே வருஷம் ஒன்வேர்ல்டில். ஒரு கூட்டணியில் ஒரு நிறுவனத்திடம் சேர்த்த மைலை மற்ற நிறுவனங்களின் விமானத்திலும் செலவழிக்கலாம். நம் ஊரிலிருந்து எல்லாரும் ஏறும் எமிரேட்ஸ் இந்த மூன்றிலும் இல்லை. துபாய் வழியாகப் பறந்து பறந்து சேர்த்தவர்களுக்கு இது தெரியவரும் நாள் நல்ல நாளாக இருக்காது.

கூட்டணிகள் வந்ததும் ‘உலகச் சுற்று விருது’ என்று ஒன்று வந்தது. ஒரு பெரிய தொகை மைலைக் கொடுத்துவிட்டால் ஒரே டிக்கெட்டில் முழுச் சுற்று. க்வாண்டாஸ் வகுத்த விதியில் மொத்தத் தூரம் 35,000 மைல், பதினாறு விமானம், ஐந்து ஊரில் தங்கல். ஜப்பானின் ஏ.என்.ஏ. கொடுத்து வந்ததுதான் விவரம் தெரிந்தவர்களின் செல்லப்பிள்ளை. பறக்கும் தூரத்துக்கு ஏற்ற மைல், எட்டு ஊர் வரை தங்கல். 2025-இல் அதை நிறுத்திவிட்டார்கள். சேர்த்துவைத்துக் காத்திருந்த பலருடைய முகம் என் கண் முன்னால் வந்தது. சீட்டு எழுதிய கடைக்காரர் என்று சற்று முன் சொன்னேனே, அதுதான். இனி பலருக்கும் துண்டு துண்டாக ஒருவழி டிக்கெட் எடுத்துக் கோக்கும் வழிதான். அதில் விதிகள் குறைவு. ஆனால் ஒரு விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால், வேறு டிக்கெட் என்பதால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

எப்படித் திட்டமிடுவது என்பதை என் தெருவில் நடந்த ஒரு சுற்றை வைத்தே காட்டுகிறேன். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், அவர் மனைவி. மகன் நியூஜெர்சியில், வேலைக்காக ஓயாமல் பறக்கிறவர். மைல் அவருடையது. விருதுச் சுற்று கிடைத்துக்கொண்டிருந்த காலம். ஸ்டார் கூட்டணியில் ஒரே டிக்கெட், இரண்டு பேர்.

வாத்தியார் ஒரு நோட்டைக் கொண்டுவந்தார். முதல் பக்கத்தில் ஊர்கள் வரிசையாக, தேதியோடு. பாரிஸ் மார்ச் 5, நியூஜெர்சி மார்ச் 12. கடைசியில் டோக்கியோ, செர்ரிப் பூ பார்க்க. கட்டம் போட்டு அழகாக எழுதியிருந்தார். எல்லாரும் செய்யும் தவறு இது. “சார், தேதியை நாம போட முடியாது, காலி சீட்தான் போடும்” என்றேன். மைலுக்கு விமானத்தில் எத்தனை இருக்கை விடுவது என்பது நிறுவனத்தின் இஷ்டம். காசுக்கு விற்காது என்று அவர்கள் கருதும் இருக்கைகள்தான் நமக்கு வரும். பெரும்பாலும் பயண நாளுக்குப் பதினொன்று, பன்னிரண்டு மாதத்துக்கு முன்பே திறப்பார்கள். சில சமயம் கடைசி வாரத்தில் மீந்ததை விடுவார்கள். இரண்டுக்கும் நடுவே தேடுவது, சந்தை கலைந்தபின் கத்தரிக்காய் வாங்கப் போவது.

அதனால் இருக்கை எங்கே அரிதோ அங்கே தொடங்க வேண்டும். இந்த நூலைப் பாருங்கள். சான் பிரான்சிஸ்கோவில் ஒரு முனையை வைத்து டோக்கியோவுக்கு இழுக்கிறேன். நேரே கடல் நடுவில் போகும் என்று நினைப்போம். இறுக்கிப் பிடித்தால் நூல் மேலே ஏறி அலாஸ்காவின் தீவுக்கூட்டத்தை ஒட்டிப் போகிறது பாருங்கள். இதுதான் குறுக்குவழி, 5,100 மைல் சொச்சம், மேற்கே போகும்போது பதினோரு மணி நேரம். இருக்கைப் பஞ்சம் இந்தப் பசிபிக் துண்டில்தான். அடுத்தது அட்லாண்டிக். இந்த இரண்டையும் முதலில் பிடித்துவிட்டால், சென்னை–பிராங்க்பர்ட், சிங்கப்பூர்–சென்னை எல்லாம் எப்படியாவது வந்து சேரும். பந்தலுக்கு முதலில் மூங்கில் நட வேண்டும், தோரணம் பிறகு.

பசிபிக்கில் எங்களுக்கு இரண்டு பேருக்குச் சேர்ந்து கிடைத்தது ஒரே ஒரு நாள். ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை. வாத்தியார் தன் நோட்டைப் பார்த்தார், கட்டத்தை ரப்பரால் அழித்தார். அங்கிருந்து பின்னோக்கிக் கட்டினோம். பாரிஸிலிருந்து நியூஜெர்சியின் நியூவார்க், நியூவார்க்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோ. சென்னையிலிருந்து பாரிஸுக்கு வாகாக ஒன்றும் இல்லை, பிராங்க்பர்ட்டுக்கு லுஃப்தான்சாவில் இருந்தது. பிராங்க்பர்ட்டில் இறங்கி நாலு மணி நேர ரயிலில் பாரிஸ். ஓர் ஊரில் இறங்கி வேறு ஊரில் ஏறுவதைப் பெரும்பாலும் விடுவார்கள். சிலர் நடுவிலுள்ள தரைத் தூரத்தையும் கணக்கில் கூட்டுவார்கள், கேட்டுக்கொள்ள வேண்டும். மொத்தம் கூட்டினால் 21,000 மைலைக் கொஞ்சம் தாண்டியது. கடக ரேகைக் கணக்கில் பார்த்தால் இது சாதனைச் சுற்றே அல்ல. வாத்தியாருக்கு அதில் சிறு வருத்தம்.

இருபத்துநாலு மணி நேரம் என்ற எண்ணை மனத்தில் வையுங்கள். ஓர் ஊரில் அதற்கு மேல் நின்றால் ‘தங்கல்’, அதற்குள் கிளம்பினால் வெறும் ‘மாறுதல்’. தங்கலுக்குத்தான் எண்ணிக்கைக் கட்டுப்பாடு. காலை பத்துக்கு இறங்கி மறுநாள் காலை ஒன்பதுக்கு ஏறினால், ஓர் இரவும் ஒரு பகலும் ஊர் பார்த்தாயிற்று, கணக்கில் ஒன்றும் குறையாது. டிக்கெட்காரர்களின் பழைய வித்தை இது.

‘இலவச டிக்கெட்’ என்ற சொல்லை நம்பிவிடாதீர்கள். விமான நிலைய வரி, எரிபொருள் கூடுதல் கட்டணம் எல்லாம் காசாகக் கட்ட வேண்டும். லண்டனில் தங்கிவிட்டுத் தொலைதூர விமானம் ஏறினால் பிரிட்டிஷ் அரசு ஒரு பயண வரி போடும். உயர் வகுப்பில் அது தலைக்கு 200 பவுண்டைத் தாண்டி வரும். லண்டனில் வந்து இறங்குவதற்கு அந்த வரி இல்லை. அதனால் ஊர் பார்த்துவிட்டுக் கடலடி ரயிலில் பாரிஸ் போய் அங்கே விமானம் ஏறுகிறார்கள், விவரமானவர்கள்.

இனி நமக்கென்றே உள்ள சிக்கல், நம் பாஸ்போர்ட். மேல்நாட்டுக்காரர் எழுதும் வழிகாட்டிகளில் இது இருக்காது, அவருக்கு விசா ஒரு பொருட்டில்லை. நமக்கு மைல் பாதி, விசா பாதி. இருக்கையைப் பதினொரு மாதம் முன்னால் பிடித்தாயிற்று. ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவுக்கோ பயணத்துக்கு ஆறு மாதத்துக்கு முன்னால் மனுவே கொடுக்க முடியாது. ஜப்பானின் ஒருமுறை விசா கையில் கிடைத்த மூன்று மாதத்துக்குள் அந்த நாட்டுக்குள் நுழைந்தாக வேண்டும். சீக்கிரம் வாங்கினால், பாரிஸும் நியூஜெர்சியும் சுற்றிவிட்டு டோக்கியோ வாசலுக்குப் போகையில் அது செத்திருக்கும். அமெரிக்காவில் விமானம் மாறுவதற்குக்கூட விசா வேண்டும். நல்ல வேளையாக, மகன் அங்கே இருப்பதால் இவர்களிடம் பத்து வருஷ விசா ஏற்கெனவே இருந்தது. பாஸ்போர்ட்டோ ஒன்றுதான், ஒரே நேரத்தில் இரண்டு தூதரகத்தில் இருக்க முடியாது. அக்டோபரில் ஷெங்கன், அது திரும்பி வந்தபின் பிப்ரவரியில் ஜப்பான் என்று வரிசை போட்டோம். சிங்கப்பூரில் வெளியே வரவே இல்லை, உள்ளேயே விமானம் மாற்றம். ஷெங்கன் விசாவோடு பாஸ்போர்ட் வருவதற்குள் வாத்தியார் எனக்கு எத்தனை தடவை போன் செய்தார் என்று எண்ணவில்லை.

ஒரே டிக்கெட்டில் இன்னொரு ஆபத்து உண்டு. நடுவில் ஒரு விமானத்தில் ஏறாமல் விட்டால் மிச்சம் எல்லாமே ரத்தாகிவிடும். மகன், “நான் நியூவார்க்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குக் காரில் கூட்டிப்போகிறேன், வழியில் கிராண்ட் கேன்யன் பார்க்கலாம்” என்றார். போனிலேயே கத்தினேன், அப்படிச் செய்தால் சென்னைக்கு நடந்துதான் வர வேண்டும் என்று.

திசையைப் பற்றிக் கேட்பீர்கள். என் கட்சி மேற்கு. நம் உடம்பின் கடிகாரம் பெரும்பாலும் இருபத்துநாலு மணியைவிடச் சற்று நீளமாகவே ஓடுகிறது. அதனால் பகலை நீட்டினால் பொறுத்துக்கொள்ளும், சுருக்கினால் முரண்டு பிடிக்கும். கிழக்கே போனால் காற்று பின்னாலிருந்து தள்ளும், விமானம் சீக்கிரம் போய்ச் சேரும், ஆனால் தூக்கம் போய்விடும். மேற்கே போனால் நாட்காட்டியில் ஒரு நாள் காணாமல் போகும். மெகல்லன் கப்பலில் மிஞ்சியவர்கள் 1522-இல் கேப் வெர்டேயில் கரைதொட்டு, இன்றைக்குப் புதன்கிழமைதானே என்று கேட்டார்கள். வியாழன் என்றார்கள் கரையில் இருந்தவர்கள். கப்பலில் தினமும் தவறாமல் குறிப்பெழுதிவந்த பிகாஃபெட்டாவுக்கு அது முதலில் விளங்கவில்லை, பிறகுதான் புரிந்தது.

வாத்தியாரம்மாவுக்கு வெள்ளிக்கிழமை விரதம். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல், மாலையில் விளக்கேற்றிய பிறகுதான் சாப்பிடுவார். பசிபிக்கில் கிடைத்ததும் வெள்ளிக்கிழமை. “தம்பி, வேற நாள் பாரேன்” என்றார். “இல்லையே அக்கா, அந்த ஒரு நாள்தான்” என்றேன். “சரி, விமானத்துல விளக்கேத்த விடமாட்டாங்க. இறங்கிப் பாத்துக்கறேன்” என்றார். அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

ஊர் திரும்பியதும் என்னைக் கூப்பிட்டுவிட்டார். சான் பிரான்சிஸ்கோவில் வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு விமானம் ஏறினார்களாம். சூரியனோடு சேர்ந்தே மேற்கே போனதால் ஜன்னலில் வெயில் அடித்துக்கொண்டே இருந்ததாம். பணிப்பெண் மூன்று தடவை தட்டை நீட்டினாளாம், மூன்று தடவையும் வேண்டாம் என்றாராம். பதினோரு மணி நேரம் கழித்து இறங்கினால் டோக்கியோவில் மத்தியான வெயில். மணி இரண்டேகால். கிழமை சனி.

“தம்பி, அந்த வெள்ளிக்கிழமைக்குச் சாயங்காலமே வரலையே” என்றார் அக்கா. “வாத்தியார்கிட்ட கேட்டா உருண்டை படம் வரையறார். நான் எப்ப சாப்பிடறது?”

“என்ன செஞ்சீங்க?” என்றேன்.

ஹோட்டல் அறைக்குப் போய், பட்டப்பகலில் திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டு, கட்டிலருகே இருந்த மேசை விளக்கின் சுவிட்சைப் போட்டாராம். அதைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, நியூஜெர்சியில் மருமகள் கட்டிக்கொடுத்த புளியோதரையைப் பிரித்தாராம்.